சிறுதீவுகளில் கொன்றுண்ணிகளும் விலங்குச் சமூகங்களும்

சிறுதீவு விலங்குச் சமூகம் என்பது, நாற்புறமும் நீரால் சூழப்பட்ட ஒரு சிறு நிலப்பரப்பில் ஒன்றாக வாழும் விலங்கினங்களின் தொகுதி ஆகும். எந்தெந்த இனங்கள் அங்கே உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு எண்ணிக்கையில் உள்ளது என்பதைத் தீவின் பரப்பளவும் பெருநிலத்திலிருந்து அதன் தொலைவும் மட்டும் முடிவு செய்வதில்லை. அங்கே வாழும் கொன்றுண்ணிகளும் புயல், அலை, மழை போன்ற சூழல் காரணிகளும் அதில் பெரும் பங்கு கொள்கின்றன. இவ்விரண்டும் தனித்தனியாகச் செயற்படுவதில்லை என்பதே இத்துறையின் முதன்மையான கண்டுபிடிப்பு எனலாம். கொன்றுண்ணி இருக்கும் தீவில் புயல் விளைவிக்கும் அழிவு வேறு. அது இல்லாத தீவில் அதே புயல் விளைவிக்கும் அழிவு வேறு.

ஆய்வுக்களமாகச் சிறுதீவுகள்

ராபர்ட் மக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் ஆகியோர் 1967 இல் வெளியிட்ட தீவு உயிர்ப்புவியியல் கோட்பாடு, புதிய இனங்கள் வந்து குடியேறும் வேகமும் இருக்கும் இனங்கள் அற்றுப்போகும் வேகமும் சமநிலை அடையும் இடத்தில் ஒரு தீவின் இன எண்ணிக்கை அமைகிறது என்று கூறியது. எளிமையே இக்கோட்பாட்டின் வலிமை. ஆனால் அது இனங்களை எண்ணியதே தவிர, எந்த இனம் எதைத் தின்கிறது என்று கேட்கவில்லை.

அக்கேள்விக்கு விடை தேட ஏற்ற இடமாக பஹாமாஸ் அமைந்தது. இந்நாட்டின் பெரிய தீவுகளை அடுத்து, சில நூறு சதுர மீட்டர் பரப்பே உள்ள பாறைத் தீவுகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் புதர்களும் குட்டை மரங்களும் பூச்சிகளும் சிலந்திகளும், சிலவற்றில் மட்டும் பல்லிகளும் உண்டு. ஒரு முழுத் தீவின் பல்லிகளையும் சில நாட்களில் எண்ணிவிட முடியும். ஒரு காட்டிலோ ஏரியிலோ செய்ய இயலாத சோதனையை இங்கே செய்யலாம்: சில தீவுகளில் ஓர் இனத்தைப் புதிதாக விட்டு, மற்றவற்றை அப்படியே ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளலாம். தாமஸ் ஷோனர், டேவிட் ஸ்பில்லர், ஜொனாதன் லோசோஸ் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துள்ளனர்.

இவ்வாய்வுகளில் முதன்மை இடம் பெறுவது பழுப்பு அனோல். இதைப் பல்லி என்று பொதுவாக எழுதினாலும், தோற்றத்தில் இது நம் ஊர் வேலிகளில் காணும் ஓணானையே நினைவூட்டும். ஆனால் வீட்டுப் பல்லியைப் போல இதன் விரல்களின் அடியில் ஒட்டிப் பிடிக்கும் பட்டைகள் உண்டு.

பல்லியும் சிலந்தியும்

1983 இல் ஷோனரும் கேத்தரின் டாஃப்ட்டும் வெளியிட்ட கணக்கெடுப்பு, பல்லிகள் இல்லாத தீவுகளில் வலை பின்னும் சிலந்திகள், பல்லிகள் உள்ள தீவுகளை விட ஏறத்தாழ 10 மடங்கு அடர்த்தியாக இருப்பதைக் காட்டியது. பல்லிகள் சிலந்திகளைத் தின்கின்றன. சிலந்திகளுக்கு உணவாகும் பூச்சிகளையும் தின்கின்றன. இரு வழிகளிலும் இழப்பு சிலந்திக்கே.

எனினும், இது கணக்கெடுப்பு மட்டுமே. பல்லிகள் இருக்கும் தீவுகளில் சிலந்தி குறைவதற்குப் பல்லி தவிர வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா? எனவே ஷோனரும் ஸ்பில்லரும் பல்லிகள் இல்லாத சில தீவுகளில் பழுப்பு அனோலை விட்டனர். 1996 இல் வெளிவந்த முடிவின்படி, பல்லிகள் விடப்பட்ட தீவுகளில் அற்றுப்போன சிலந்தி இனங்களின் விகிதம், பல்லிகள் இல்லாத தீவுகளை விட சுமார் 13 மடங்கு அதிகமாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அத்தீவுகள், இயல்பாகவே பல்லிகள் வாழும் தீவுகளைப் போல ஆகிவிட்டன.

விளைவு சிலந்தியோடு நிற்பதில்லை. கடல் திராட்சை என்னும் கரையோர மரம் வளரும் நிலத்தைச் சிறு அடைப்புகளாகப் பிரித்து, சிலவற்றிலிருந்து மட்டும் பல்லிகளை நீக்கியபோது, அவற்றில் பூச்சிகளால் இலைகளுக்கு ஏற்பட்ட சேதம் கூடியது. கொன்றுண்ணியின் தாக்கம் இவ்வாறு உணவுச் சங்கிலியில் படிப்படியாகக் கீழிறங்கிச் செடியை எட்டுகிறது.

கடல் தரும் உணவு

சிறுதீவுகளில் கரையோரம் என்பது தீவின் பெரும்பகுதி. எனவே கடல் ஒதுக்கும் பொருட்கள் தீவின் உணவு வலைக்குள் நுழைகின்றன. ஆய்வாளர்கள் கரையில் கடற்பாசியைக் குவித்து வைத்துப் பார்த்தனர். அழுகும் பாசியில் இறாலுக்கு உறவான சிறு கணுக்காலிகள் பெருகின. அவற்றை உண்டு பல்லிகளின் எண்ணிக்கையும் உயர்ந்தது. பல்லிகள் கூடினால் இலைச்சேதம் குறைய வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது வேறு: பல்லிகள் கரையில் கிடைத்த இரையை நாடியதால், செடிகளில் இருந்த பூச்சிகள் தப்பின, இலைச்சேதம் கூடியது. அதே வேளையில் பாசி உரமாகி, செடிகளின் வளர்ச்சியையும் கூட்டியது.

சூறாவளி

1996 அக்டோபரில் லிலி சூறாவளி பஹாமாசைத் தாக்கியது. கிரேட் எக்சுமா தீவை அடுத்த சிறுதீவுகளில் பல்லிகளையும் சிலந்திகளையும் ஆய்வாளர்கள் அப்போதுதான் எண்ணி முடித்திருந்தனர். திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு சோதனை இவ்வாறு தற்செயலாகக் கிடைத்தது. புயலின் முழு வேகத்துக்கு ஆளான பக்கத்துத் தீவுகளைக் கடல்நீர் மூழ்கடித்தது. பல்லி, சிலந்தி இரண்டுமே துடைத்தெடுக்கப்பட்டன. பெரிய தீவின் மறைவில் இருந்த பக்கத்தில் பாதிப்பு மிதமாக இருந்தது. அங்கே உடலால் பெரிய பல்லிகள் சிலந்திகளை விட நன்கு தாக்குப்பிடித்தன.

ஓராண்டு கழித்து நிலைமை தலைகீழானது. சிலந்திக் குஞ்சுகள் தம் நூலைக் காற்றில் மிதக்கவிட்டு நெடுந்தொலைவு செல்லவல்லவை. எனவே முற்றாக அழிந்த தீவுகளுக்கும் சிலந்திகள் திரும்பி வந்தன, பல்லிகள் வரவில்லை. மிதமான அழிவில் சிறிய எண்ணிக்கையிலுள்ள இனமே முதலில் அற்றுப்போகிறது. பேரழிவில் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் பயனில்லை. வாழத் தகுதியான பல தீவுகளில் பல்லிகள் காணப்படாமைக்கு, என்றோ வீசிய புயல்களே காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அவ்வாறெனில், இன்று ஒரு தீவில் சிலந்திகள் நிறைந்திருப்பதற்கும் பழைய புயல் ஒன்றே காரணமாகிறது.

புயலும் கொன்றுண்ணியும் சேரும்போது

பஹாமாசின் பெரிய தீவுகளில் சுருள்வால் பல்லி என்றொரு இனம் உண்டு. தரையில் வாழும் இது எடையில் பழுப்பு அனோலை விடப் பல மடங்கு பெரியது. அனோலைப் பிடித்து உண்ணக்கூடியது. சிறுதீவுகளுக்கும் இது தானாகவே சென்று குடியேறுவதுண்டு. 1997 இல் அபாக்கோ தீவை அடுத்த சில சிறுதீவுகளில் ஆய்வாளர்கள் இதை விட்டனர். அங்கே அனோல்களின் எண்ணிக்கை, ஒப்பீட்டுத் தீவுகளில் இருந்ததில் பாதியளவாகக் குறைந்தது. எஞ்சியவை தரையை விட்டுப் புதர்களில் ஏறின.

1999 செப்டம்பரில் புளோய்ட் சூறாவளி வந்தது. இரண்டு மாதங்கள் கழித்துச் சென்று பார்த்தபோது, தீவுகளில் வளர்ந்த அனோல் ஒன்றுகூட இல்லை. அண்மையில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் மட்டுமே இருந்தன. மண்ணுள் புதைந்திருந்த முட்டைகள் மட்டும் கடல்நீரில் மூழ்கியும் பிழைத்தன என்று தெரிகிறது. அனோல் முட்டை கடல்நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும் பொரிக்கக்கூடியது என்பதைப் பின்னர் ஆய்வகச் சோதனையும் உறுதிப்படுத்தியது.

எல்லாத் தீவுகளையும் ஒரே புயல்தான் தாக்கியது. ஆனால் ஒப்பீட்டுத் தீவுகள் எதிலும் அனோல் அற்றுப்போகவில்லை. சுருள்வால் பல்லி விடப்பட்டிருந்த தீவுகளில் பெரும்பாலானவற்றில் அது அற்றுப்போனது. அங்கேயும் குஞ்சுகள் பொரிக்காமல் இல்லை. ஆனால் ஓர் இனம் நிலைபெற அந்த எண்ணிக்கை போதவில்லை. வெறும் கணக்கெடுப்பில் இதைப் பார்த்திருந்தால் புயலே காரணம் என்று எழுதப்பட்டிருக்கும். இரைவிலங்கின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது அந்தக் கணக்கில் இடம்பெற்றிராது.

உடலமைப்பில் மாற்றம்

2003 இல் சோதனை மீண்டும் தொடங்கப்பட்டது: 6 தீவுகளில் சுருள்வால் பல்லி விடப்பட்டது, 6 தீவுகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. முதல் 6 மாதங்களில் நீண்ட கால்களை உடைய அனோல்களே கூடுதலாகப் பிழைத்தன. நீண்ட கால் தரையில் விரைந்து ஓட உதவும். பின்னர் எஞ்சியவை மெல்லிய கிளைகளுக்கு இடம்பெயர்ந்தன. அடுத்த 6 மாதங்களில் குட்டைக் கால்களே சாதகமாயின. மெல்லிய கிளையில் தடுமாறாமல் நகர அவையே ஏற்றவை. ஓராண்டுக்குள் இயற்கைத் தேர்வின் திசையே மாறியது குறிப்பிடத்தக்கது. 2004 இல் வந்த சூறாவளி இச்சோதனையையும் முடித்து வைத்தது.

காலியான தீவுகளும் வீணாகவில்லை. 2005 இல் 7 தீவுகளில் ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், ஒரு பெண் என ஓர் இணை மட்டும் விடப்பட்டது. அவற்றின் வழித்தோன்றல்களுக்கு எல்லாத் தீவுகளிலும் கால்கள் குட்டையாகிக்கொண்டு வந்தன. ஆயினும், நீண்ட கால்களை உடைய இணையில் தொடங்கிய தீவு மற்றவற்றை விட நீண்ட கால்களையே கொண்டிருந்தது. சூழலுக்கேற்ற மாற்றம் நிகழ்ந்தாலும், முதலில் வந்தவர் யார் என்ற தற்செயலின் தடம் மறையவில்லை.

ஒன்றாக வாழ்தல்

கொன்றுண்ணிகள் இன வளத்தைக் காக்கின்றன என்ற கருத்து பாடநூல்களில் உறுதியாக இடம்பெற்றுள்ளது. ராபர்ட் பெயின் 1966 இல் விவரித்த சோதனையில், பாறைக் கரையிலிருந்து விண்மீன்களை (கடல்வாழ் உயிரி) நீக்கியதும் சிப்பிகள் பெருகி மற்ற இனங்களை வெளியேற்றின. பஹாமாசில் இதற்கு எதிரானதும் காணப்பட்டது. 2011 இல் தொடங்கி 16 தீவுகளில் நடைபெற்ற சோதனையின் முடிவு 2019 இல் வெளிவந்தது. சுருள்வால் இல்லாத தீவுகளில் பழுப்பு அனோல் தாழ்வான பகுதியிலும் பச்சை அனோல் மரங்களின் மேற்பகுதியிலுமாக இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன. சுருள்வால் வந்ததும் பழுப்பு அனோல் மேலே ஏறியது. பச்சை அனோலின் இடத்திலும் உணவிலும் பங்கு கேட்டது. சில தீவுகளில் பச்சை அனோல் அற்றுப்போனது. பெயினின் விண்மீன், போட்டியில் வெல்லும் இனத்தை உண்டு குறைத்தது. சுருள்வால் பல்லியோ போட்டியிடும் இரண்டு இனங்களை ஒரே ஒதுங்கிடத்தில் நெருக்கியது. வேறுபாட்டுக்குக் காரணம் அதுவே.

மனிதரால் வந்த கொன்றுண்ணி

மேற்கண்ட தீவுகளில் பல்லிகளும் சிலந்திகளும் ஒன்றையொன்று நெடுங்காலமாக அறிந்தவை. பசிபிக் கடலின் குவாம் தீவில் நிலை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்குகளோடு வந்து சேர்ந்ததாகக் கருதப்படும் பழுப்பு மரப்பாம்பு, அங்கிருந்த 12 தாயகக் காட்டுப் பறவை இனங்களில் 10 ஐத் தீவின் காடுகளிலிருந்து அழித்துவிட்டது. மரமேறும் கொன்றுண்ணியை அறியாத பறவைகள் தம் கூடுகளைக் காக்கும் வழி தெரியாதிருந்தன.

சிலந்திகளைத் தின்ற பறவைகள் போனபின், பஹாமாசில் பல்லி இல்லாத தீவுகளில் கண்டதே குவாமிலும் நிகழ்ந்தது. 2012 இல் வெளியான ஆய்வின்படி, குவாம் காடுகளில் சிலந்தி வலைகள் அருகிலுள்ள தீவுகளை விட மழைக்காலத்தில் 40 மடங்கும், வறண்ட பருவத்தில் 2.3 மடங்கும் கூடுதலாக இருந்தன.