வடிகாலும் தூம்பும்

தேக்கா என நாம் வழங்கும் பெயருக்கு ஹொக்கியன் மொழியில் 'மூங்கிலின் அடி' என்பது பொருள். ரோச்சோர் ஆற்றங்கரையில் மூங்கில் செறிந்திருந்தமையால் எழுந்த பெயர் அது. அண்டையிலுள்ள கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். லிட்டில் இந்தியா முன்னர் நீர் தேங்கிய தாழ்நிலமாக இருந்ததற்கு இவ்விரு பெயர்களும் சான்று. கால்நடை வணிகம் அங்கு வேரூன்ற அந்நீரும் புல்லும் துணைசெய்தன. ஆயினும் எருமைக்கு இன்பமான சேறு காய்கறிப் பயிருக்குக் கேடாகும்.

காரணம் மண்ணின் நுண்துளைகளில் இருக்கிறது. வேரும் மூச்சுவிடுகிறது. துளைகளில் நீர் நிறைந்துவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே உயிர்வளி பரவும். வேர் நுனி அழுகும். உயிர்வளி கிடைக்காத நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரேட்டைச் சிதைக்க, தழைச்சத்து வளியாக வெளியேறிவிடும். இலை மஞ்சளிக்கக் கண்டு மேலும் உரமிடுவோர் பலர். அவ்வுரமும் அவ்வாறே வீணாகும்.

இதற்குத் தீர்வாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் துளையிட்ட குழாய்களை வரிசையாகப் புதைப்பர். களிமண்ணில் வரிசைகள் நெருங்கியும் மணற்பாங்கான நிலத்தில் விலகியும் அமையும். குழாய் நிலத்தை உலர்த்திவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. நிலத்தடி நீர்மட்டம் குழாய்க்கு மேல் உயரும்போதுதான் நீர் அதனுள் புகும். சிறு துளைகள் பற்றிநிற்கும் நீர் அங்கேயே தங்கும். பயிர் பருகுவது அதனைத்தான். காற்றுப் புகுந்த மண்ணில் வேர் ஆழ்ந்து செல்வதால், பின்வரும் வறட்சியையும் பயிர் தாங்கும்.

இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'பாதாளச் சாக்கடை' என்று மொழிபெயர்க்கும் மாணவர், தம்மை அறியாமலே வயலில் கழிவுநீரைப் பாய்ச்சிவிடுகிறார்! 'வடிகால்' நல்ல சொல்லே. ஆனால் சிங்கப்பூர் மாணவரின் மனக்கண்ணில் அது வீட்டோரத்துச் சிமெண்டுக் கால்வாயாகவே, அவர்கள் நாவில் 'லோங்காங்' ஆகவே, தோன்றுகிறது. 'நிலத்தடி வடிகால்' எனின் குழப்பம் நீங்கும். நாம் 'தூம்பு' என்னும் சொல்லையும் மீட்டெடுக்க விழைகிறோம். உட்டுளை, மூங்கிற்குழாய், ஏரியின் நீர்போக்கு என அதற்குப் பல பொருள் உண்டு. கல்வெட்டுகளிலும் அது பயில்கிறது. ஏரித்தூம்பு வயலுக்கு நீர் தருவது, வடிகுழாய் வயலினின்று நீர் அகற்றுவது என்ற மறுப்பு எழலாம். இரண்டும் நீரை அடக்கி வெளிவிடும் குழாய்களே என்பதால், 'புதைதூம்பு' என்னும் ஆக்கம் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

எல்லா நிலத்துக்கும் இம்முறை ஏற்றதன்று. சதுப்புக்காட்டு மண்ணில் கந்தகம் சேர்ந்த இரும்புத் தாது இருப்பதுண்டு. நீரை வடித்துக் காற்றை விட்டால் அது கந்தக அமிலமாகி நிலத்தைக் கெடுக்கும். நெல்லுக்கோ தன் தண்டினுள்ளேயே காற்றுக்குழல்கள் உள்ளன. ஒருவகையில் நெல்லும் ஒரு தூம்பே. ஆகவே அது நின்ற நீரிலும் வளரும். நீரில் மூழ்கினாலும் முற்றிய கதிர் சாய்ந்தாலும் அதற்கும் வடிகால் வேண்டும். காவிரிப் படுகை உழவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிவாய்க்கால் தூர்ந்திருப்பதை எண்ணிக் கவலைகொள்வது இதனால்தான்.

இன்று சிங்கப்பூரின் மழைநீர்த் தோட்டங்களிலும் செடிக்கு அடியில் மண், மணல், சரளை என அடுக்கி, அவற்றின் கீழே துளைக்குழாய் பதிக்கப்படுகிறது.