பலகை விளிம்பில் ஒரு கோட்டை மதில்: அரைத்துளைகளை வடிவமைப்பது எப்படி?

இலத்திரனியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், விரல் நீளத்தில் ஒரு சிறு பச்சைப் பலகை மேசையில் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அநேகமாக றாஸ்பெரி பை பிக்கோவாக இருக்கும். 2021 ஜனவரியில் 4 அமெரிக்க டொலர் விலையில் வெளிவந்த இந்தப் பலகை 51 மில்லிமீற்றர் நீளமும் 21 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. அதன் தடிப்பு 1 மில்லிமீற்றர் மட்டுமே. அதை எடுத்து நீண்ட விளிம்புகள் இரண்டையும் பாருங்கள். பக்கத்துக்கு 20 வீதம், பாதியாக வெட்டப்பட்ட துளைகள் வரிசையாக நிற்கும். வெட்டப்பட்ட ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் உலோகம் மின்னும்.

ஆங்கிலத்தில் இவற்றுக்குக் கோட்டை மதிலை நினைத்தே பெயர் வைத்தார்கள்: கஸ்ரலேற்றட் துளைகள். மதிலின் உச்சியில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் பல்வரிசை போன்ற தோற்றமே காரணம். மதிலில் வீரர்கள் மறைந்து நின்று அம்பெய்யும் அமைப்பைப் பழந்தமிழ் ஞாயில் என்றது. இங்கே எளிமைக்காக அரைத்துளை என்றே சொல்வோம்.

இவை எதற்கு? ஒரு பலகையை இன்னொரு பலகையின் மேல் கம்பி ஊசிகளால் செருகினால், ஊசித் தாங்கியும் செருகு குழியும் சேர்ந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். அரைத்துளை இருந்தால் சிறிய பலகையைப் பெரிய பலகையின் மேல் தட்டையாக வைத்துப் பற்றாசு பிடிக்கலாம். உயரம் சிறிய பலகையின் தடிப்பளவே கூடும். மற்றப் பாகங்களை வைக்கும் இயந்திரமே இதையும் வைத்துவிடும். பற்றாசு அரைத்துளையின் சுவரில் ஏறி நிற்பதை வெளியிலிருந்தே கண்ணால் பார்க்கலாம். அடிப்பக்கத்தில் மறைந்திருக்கும் இணைப்புகளைச் சோதிக்க எக்ஸ்ரே தேவைப்படும். இதற்கு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. வைஃபை, புளூடூத் போன்ற வானொலி அலையை வெளியிடும் கருவியை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ விற்க வேண்டுமானால், அது உரிய விதிகளுக்கு அமைவானது என்று காட்ட வேண்டும். அதற்கான ஆய்வகச் சோதனைகள் தனி ஒருவரின் பணப்பைக்கு எளிதில் அடங்குவன அல்ல. அதனால்தான் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் போன்ற நிறுவனங்கள், வானொலிப் பகுதியை மட்டும் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட தபால்தலை போன்ற சிறு பலகையாக, விளிம்பில் அரைத்துளைகளுடன் விற்கின்றன. அதை வாங்கித் தன் பலகையில் ஒட்டுபவருக்குச் சோதனைச் சுமை வெகுவாகக் குறைகிறது. முழுப் பொறுப்பும் நீங்கிவிடாது. ஆனாலும் வீட்டு மேசையில் தொடங்கிய ஒரு சிறு முயற்சி கடைக்குப் போகும் வழி இதனால் திறக்கிறது.

இனி, தொழிற்சாலையில் இது எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் வடிவமைப்பு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலில் பலகையில் முழு வட்டத் துளை போடுவார்கள். பிறகு இரசாயன முறையால் துளைச் சுவரில் மெல்லிய செப்புப் படலத்தைப் படியவைத்து, மின்முலாம் மூலம் தடிப்பாக்குவார்கள். அந்தச் செப்பு ஏறத்தாழ 20 முதல் 25 மைக்ரோமீற்றர் தடிப்புத்தான். தலைமுடியை விட மெல்லியது. அதன் பின் வேகமாகச் சுழலும் வெட்டு அலகு துளையின் நடுவே ஓடி, ஒரு பாதியை அகற்றிவிடும்.

சிக்கல் அந்த வெட்டில்தான் இருக்கிறது. அலகு துளையின் ஒரு ஓரத்தில் செப்பைப் பலகையின் உடலை நோக்கித் தள்ளுகிறது. அங்கே தாங்குவதற்குப் பலகை இருக்கிறது. மறு ஓரத்தில் செப்பை வெற்றுத் துளைக்குள் இழுக்கிறது. அங்கே தாங்க எதுவும் இல்லை. செப்பு உரிந்து, பிசிறாகத் தொங்கும். பிசிறு பக்கத்துத் துளையைத் தொட்டால் மின்னிணைப்பு குறுக்காகும். சுவரே கழன்றால் இணைப்பே இராது. இதைத் தவிர்க்கத் தொழிற்சாலைகள் இரண்டு ஓரங்களையும் எதிரெதிர்த் திசைகளில் வெட்டுகின்றன. அல்லது செப்பை அரிக்கும் இறுதிக் கட்டத்துக்கு முன்பே துளையை வெட்டி, பிசிறை அரிப்புத் திரவத்தாலேயே கரைத்துவிடுகின்றன. இரண்டுமே வழமையான வேலைக்கு மேலதிகமான வேலை. பல இடங்களில் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது அதனால்தான்.

இதிலிருந்து வடிவமைப்பாளருக்கான விதிகள் தாமாகவே வருகின்றன.

முதலாவது, துளையின் மையம் பலகையின் எல்லைக் கோட்டின் மேல் சரியாக இருக்க வேண்டும். மையம் வெளியே போனால், மிஞ்சும் செப்பு அரை வட்டத்துக்கும் குறைவாகி, பிடிமானம் போய்விடும்.

இரண்டாவது, துளையை மிகச் சிறிதாக வைக்கக் கூடாது. 0.6 மில்லிமீற்றர் விட்டம் பல தொழிற்சாலைகள் ஏற்கும் அளவு. இடம் இருந்தால் பெரிதாக்குவது நல்லது. ஒரு கணக்கைப் பார்ப்போம். துளைகளின் மையங்களுக்கு இடையே 1.27 மில்லிமீற்றர் என்றும், துளையின் விட்டம் 0.6 என்றும், சுற்றியுள்ள செப்புத் தளத்தின் அகலம் 0.9 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரு செப்புத் தளங்களுக்கு இடையே மிஞ்சுவது 0.37 மில்லிமீற்றர். பற்றாசு தாவாமல் இருக்க, அந்த இடைவெளியில் பச்சைப் பூச்சு கட்டாயம் நிற்க வேண்டும்.

மூன்றாவது, மேலும் கீழும் செப்புத் தளம் வேண்டும். நான்கு அடுக்குப் பலகையானால் உள் அடுக்குகளிலும் வையுங்கள். கூடாரத்தை முளைகள் பிடித்து நிறுத்துவதுபோல், ஒவ்வொரு தளமும் மெல்லிய துளைச் சுவரைப் பலகையோடு பிடித்துவைக்கும்.

நான்காவது, மேற்பூச்சுக்கு நிக்கலின் மேல் பொன் படியும் முறையைத் தெரிவு செய்யுங்கள். உருகிய பற்றாசில் தோய்க்கும் மலிவான முறை துளைக்குள் சமனற்ற கட்டிகளை விட்டுச்செல்லலாம். அப்போது பலகை தட்டையாக உட்காராது.

ஐந்தாவது, பல பலகைகளை ஒரே தகட்டில் அடுக்கும்போது, அரைத்துளை உள்ள பக்கத்தில் வி வடிவக் கீறலோ முறித்தெடுக்கும் இணைப்புத் துண்டோ வரக்கூடாது. இணைப்புத் துண்டுகளைத் துளை இல்லாத பக்கங்களிலோ மூலைகளிலோ வையுங்கள்.

ஆறாவது, கோப்புடன் அனுப்பும் குறிப்பில் இவை முலாமிட்ட அரைத்துளைகள் என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால், எல்லைக் கோட்டில் விழுந்த துளையைத் தவறென எண்ணித் தொழிற்சாலை அதை உள்ளே நகர்த்தலாம் அல்லது வழமைபோல் வெட்டிவிடலாம். வந்து சேர்வது பயன்படாத பலகைகளாக இருக்கும். பகுதிநேர வேலையில் சேர்த்த பணமும் சில கிழமைக் காத்திருப்பும் அதோடு போய்விடும்.

கீழே இருக்கும் பெரிய பலகைக்கும் கவனம் தேவை. அதன் செப்புத் தளம் சிறிய பலகையின் விளிம்புக்கு வெளியே சற்று நீண்டிருக்க வேண்டும். பற்றாசு அங்கே நின்றுதான் சுவரில் ஏறும். சிறிய பலகையின் அடியில் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது. இருந்தால் பெரிய பலகையில் அந்த இடத்தை வெட்டி விட வேண்டும். வானொலிப் பலகையானால் அதன் அன்ரெனாவின் கீழ் செப்பு இருக்கக் கூடாது. முடிந்தால் அன்ரெனாவைப் பெரிய பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டி வைப்பது இன்னும் நல்லது.

கையால் பற்றாசு பிடிப்பவர்கள் முதலில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகளை மட்டும் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்த பின்பே மற்றவற்றைத் தொட வேண்டும். இரண்டு இணைப்புகளைச் சூடாக்கிக் கழற்றித் திருத்தலாம். நாற்பதையும் ஒட்டிய பின் திருத்துவது பெரும்பாடு.

அரைத்துளை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. விளிம்பில் மட்டுமே இணைப்பு வைக்கலாம் என்பதால் நூற்றுக்கணக்கான இணைப்புகள் தேவைப்படும் இடத்தில் இது உதவாது. ஒட்டியதைச் செருகியைப்போல இழுத்துக் கழற்றவும் முடியாது. வளைந்து கொடுக்கும் பெரிய பலகைகளில் இணைப்புகள் வெடிக்கலாம்.

புலம்பெயர்ந்த நம் வீடுகளில் பிள்ளையின் படிப்பு ஒரு மொழியிலும் சாப்பாட்டு மேசைப் பேச்சு வேறு மொழியிலும் நடப்பது வழமையாகிவிட்டது. பிள்ளை தான் வரைந்த பலகையைத் தொழிற்சாலைக்கு அனுப்பப் போகும்போது, "துளையின் மையம் கோட்டில்தானே இருக்கு? அரைத்துளை என்று குறிப்பு எழுதினாயா?" என்று அம்மாவோ அப்பாவோ கேட்டால், அந்தக் கேள்வி பணத்தையும் மிச்சப்படுத்தும், அந்தப் பேச்சையும் நம் மொழிக்குள் கொண்டுவரும்.