புதுக் கம்ப்யூட்டர், பழைய கேபிள்

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் லேன் கேபிளைச் செருகியதும் நெட் வருகிறது. சிறிது நேரத்தில் அறுந்துபோகிறது. சில நொடிகளில் தானாகவே திரும்பி வருகிறது. வீடியோ கால் நடுவில் நிற்கும் எரிச்சலில் வாயில் வரும் முதல் வார்த்தை, “பழைய கம்ப்யூட்டரில் இதே கேபிள், இதே ரவுட்டர் ஒழுங்காக ஓடியதே!” கடைக்காரரிடம் கேட்டால் நெட் கம்பெனியைக் கைகாட்டுவார், நெட் கம்பெனி கம்ப்யூட்டரைக் கைகாட்டும். பழையது ஓடியது உண்மைதான். ஆனால் அது கேபிளுக்கு நற்சான்று ஆகிவிடாது. பழைய கம்ப்யூட்டர் அந்தக் கேபிளிடம் கேட்டது குறைவாக இருந்திருக்கலாம்; புதியது கேட்பது அதிகம். அந்த அதிகத்தைக் குறைத்துப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும்.

எதையும் மாற்றுவதற்கு முன், அறுபடுவது எது என்று பார்க்க வேண்டும். லேன் கேபிள் செருகும் துளையின் ஓரத்தில் பெரும்பாலும் சின்ன விளக்குகள் இருக்கும். நெட் போகும் நொடியில் அவையும் அணைந்து, கைபேசியில் வைஃபை மட்டும் தொடர்ந்து ஓடினால், ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான தொடர்புதான் விழுகிறது. நெட் கம்பெனிக்குப் போன் போடுவது வீண். விளக்கு எரிந்துகொண்டே இருக்க நெட் மட்டும் போனால், ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் அது 192.168.1.1) பிங் அனுப்பிப் பார்க்கலாம். அங்கிருந்து பதில் வந்து, 8.8.8.8 என்ற வெளி இணைய முகவரியிலிருந்து வராவிட்டால், சிக்கல் ரவுட்டரிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது. விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்தால், இன்டெல் லேன் சிப் உள்ள கம்ப்யூட்டர்களில் 27 என்ற எண்ணோடு இணைப்பு துண்டானதும், 32 என்ற எண்ணோடு அது எந்த வேகத்தில் மீண்டது என்பதும் மணி, நிமிடத்தோடு பதிவாகியிருக்கும். கடைக்காரரிடம் காட்ட இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

விளக்கு அணைகிறது என்று தெரிந்துவிட்டால், சந்தேகம் முதலில் விழ வேண்டியது கேபிளின் மேல். அதற்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் வேகத்துக்கு 2 ஜோடி போதும். 1 ஜிகாபிட்டுக்கும் அதற்கு மேலும் 4 ஜோடியும் வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் துளை 100 மெகாபிட் மட்டுமே என்றால், மீதி இரண்டு ஜோடி செத்தே கிடந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது. புதியது நான்கையும் கேட்கிறது. பிளக்கில் ஒரே ஒரு கம்பி பட்டும் படாமலும் இருந்தால் போதும், மேசை அசையும்போதெல்லாம் இணைப்பு விழும். பிளக்கின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை ஒரு கண் பாருங்கள்: அது ஒடிந்திருந்தால், செருகும்போது ‘டக்’கென்று சத்தம் வராது, பிளக் மெல்லப் பின்னால் நழுவும். விலை மலிவு என்று வாங்கிய கேபிளில் செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியம் இருப்பதும் உண்டு. இரண்டு மீட்டர் நீளமுள்ள நல்ல கேபிள் ஒன்றை ரவுட்டரிலிருந்து நேராக இழுத்துச் சோதித்தால், சுவருக்குள் போன கேபிளைப் பற்றிய வாதம் தீர்ந்துவிடும்.

“புதுக் கேபிளிலும் அறுகிறதே” என்றால், அப்போதுதான் சிப்பைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2.5 ஜிகாபிட் வேகத்துக்கான தரம் 2016-இல் வந்தது. 2020 வாக்கில் பல மதர்போர்டுகளில் இடம்பிடித்த இன்டெலின் ஐ225-வி சிப்பின் தொடக்கப் பதிப்புகளில் ஒரு வடிவமைப்புப் பிழை இருந்தது. ஒரு தரவுப் பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை அது சரியாக விடவில்லை. அதனால் 2.5 ஜிகாபிட்டில் சில ரவுட்டர்களோடும் சுவிட்சுகளோடும் ஒத்துப்போகாமல் பொட்டலங்கள் தொலைந்தன. வேகத்தை 1 ஜிகாபிட்டுக்கு இறக்குவதுதான் அப்போதைய மாற்றுவழி. பிந்தைய பதிப்பில் பிழை திருத்தப்பட்டது. அடுத்து வந்த ஐ226-வி மீதும் இணைப்பு அறுபடும் புகார்கள் எழுந்தன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நம் வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 1 ஜிகாபிட் துளை கொண்டவை, 2.5-இல் வரும் பிழை அங்கே எப்படி வரும்? வராது. அந்த வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது மின்சிக்கன ஏற்பாட்டை. எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற இந்த வசதி 2010-இல் தரமானது. தரவு ஓடாத கணங்களில் கம்பித் தொடர்பைத் தூங்கவிட்டு, தேவைப்படும்போது எழுப்புகிறது. இரு முனையும் ஒரே தாளத்தில் தூங்கி எழாவிட்டால் தொடர்பு விழும். ஐ226-வி புகார்களை அடுத்து 2023-இல் இன்டெல் தந்த டிரைவர் செய்ததும், 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட வேகங்களில் இந்த வசதியை அணைத்து வைத்ததுதான். டிவைஸ் மேனேஜரில் லேன் சிப்பின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போனால் நாமே அணைக்கலாம். பக்கத்துப் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்று கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுக்கும் கட்டம் இருந்தால், அந்த டிக்கையும் எடுத்துவிடலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

அதே அட்வான்ஸ்டு பகுதியில்தான் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் அமைப்பும் இருக்கிறது. 2.5-லிருந்து 1 ஜிகாபிட்டுக்கு இறக்கினால் அறுபடுவது நிற்கிறதா? சிக்கல் சிப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான உயர்வேகப் பொருத்தத்தில் இருக்கலாம். 100 மெகாபிட்டுக்கு இறக்கிய பிறகுதான் நிற்கிறதா? கேபிளைத் திரும்பவும் சோதிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். வீட்டு நெட் திட்டம் 300 மெகாபிட் என்றால் 1 ஜிகாபிட் துளையில் நஷ்டம் எதுவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே பெரிய கோப்புகளை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவருக்கு மட்டும் வேறுபாடு தெரியும். அவர் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி நிறுவிப் பார்க்கட்டும். விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவது இந்த வரிசையில் கடைசி. அதனால் நொந்த பிளக் நலமாகிவிடாது. எல்லாம் பார்த்தும் அறுகிறதென்றால், யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கி, அதே கேபிளைச் செருகி ஒரு நாள் ஓட்டுங்கள். அதில் அறுபடவில்லை என்றால், ஈவன்ட் வியூவரின் பதிவுகளோடு வாரண்டிக் காலத்துக்குள் மதர்போர்டை மாற்றித் தரக் கேட்கலாம்.