கம்பியில்லா இணைப்பும் காணாமற்போன கோப்பும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கணினியின் முன் அமர்ந்த நாங்களும் ஒருநாள் அப்படித்தான் பேசினோம். அந்த நிகழ்ச்சியையும் அதனால் நாங்கள் கற்றதையும் இங்கே எழுத விரும்புகிறோம்.

எங்கள் விடுதியில் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் விடுதி மாணவியர் அதில்தான் தம் பெற்றோரின் முகம் பார்த்துப் பேசுவர். வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையைக் காண வாரம் முழுவதும் காத்திருப்போரும் உண்டு. கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால், எங்கள் தோழி ஒருத்தி சிஸ்டரின் அனுமதியுடன் அதில் லினக்ஸ் நிறுவினாள். கணினி விரைவாக இயங்கியது. ஆனால் வைஃபை மட்டும் வரவில்லை! "நீதான் கெடுத்துவிட்டாய்" என்று எல்லோரும் அவள்மீது பாய்ந்தோம். பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

லினக்ஸ் என்பது என்ன? பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இயங்குதளக் கருவே அது. இன்று எவரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

கணினியிலுள்ள ஒவ்வொரு உறுப்பையும் இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கருவுடனேயே வந்துவிடுகின்றன. ஆனால் பல வைஃபை கார்டுகளுக்கு அது மட்டும் போதாது. கார்டுக்குள் ஓட வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் கோப்பையும், கணினி தொடங்கும்போது டிரைவர் கார்டில் ஏற்ற வேண்டும். பேருந்தும் ஓட்டுநரும் வந்த பிறகும் சாவி இல்லையென்றால் வண்டி கிளம்புமா?

மறுநாள் கணினி ஆய்வக சிஸ்டர், "முதலில் கோபத்தை விடுங்கள், கணினியையே கேளுங்கள்" என்றார். நாங்கள் மூன்று கேள்விகள் கேட்டோம்.

முதற்கேள்வி: கார்டு உயிரோடு இருக்கிறதா? 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையோடு 'என்என்கே' என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினோம். கார்டின் பெயரும், நான்கும் நான்குமாக எட்டு எழுத்துகள் கொண்ட அடையாளக் குறியும், அதற்குரிய டிரைவரின் பெயரும் திரையில் வந்தன. ஆகவே கார்டு சாகவில்லை! யூஎஸ்பி வழியாகச் செருகும் கார்டானால் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது: அதை யாரேனும் அணைத்து வைத்திருக்கிறார்களா? 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று கேட்டோம். பொத்தானாலும் தடையில்லை, மென்பொருளாலும் தடையில்லை என்று விடை வந்தது.

மூன்றாவது: கணினி தொடங்கும்போது என்ன நடந்தது? 'டிமெஸ்ஜி' கட்டளை கருவின் நாட்குறிப்பைக் காட்டும். அதில் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரியும், அக்கோப்பின் பெயரும் இருந்தன. நோய் பிடிபட்டது!

அக்கோப்பு ஏன் இல்லை? ஃபர்ம்வேரின் மூலநிரலைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. எனவே கட்டற்ற மென்பொருளை மட்டுமே வழங்குவோம் என்ற கொள்கையுடைய சில லினக்ஸ் தொகுப்புகள் அதைச் சேர்க்காமல் விட்டன. டெபியன் என்னும் தொகுப்பு, 2023 ஜூனில் வந்த தன் 12ஆம் பதிப்பிலிருந்துதான் வழக்கமான நிறுவல் வட்டிலேயே இவற்றைச் சேர்த்தது. நாங்கள் நிறுவியதோ பழைய பதிப்பு.

இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேர் பெற இணையம் வேண்டும். என்ன செய்வது? சிஸ்டர் தம் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைத் தந்தார். தொகுப்பின் களஞ்சியத்திலிருந்து உரிய ஃபர்ம்வேரை நிறுவி, கணினியை மீண்டும் தொடங்கினோம். விடுதி வைஃபையின் பெயர் திரையில் தோன்றியபோது நாங்கள் எழுப்பிய ஆரவாரம் சமையலறைவரை கேட்டதாம்!

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "அடுத்த முறை என்னைத் திட்டுமுன் டிமெஸ்ஜி பாருங்கள்" என்றாள். அந்த ஞாயிறு எல்லோரும் வீட்டாருடன் பேசினர்.

அன்புத் தோழியரே! பழுது ஏற்பட்டால் முதலில் காரணத்தைத் தேடுங்கள், ஆளைத் தேடாதீர்கள். கணினிக்கு மட்டுமன்று, நம் வாழ்வுக்கும் இது பொருந்தும்.

– பத்தாம் வகுப்பு மாணவி