ஆமை வேகத்துக்கு ஓர் எஞ்சின்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் காதைப் பிளக்கும் ஓசையும் கண்ணைப் பறிக்கும் வேகமுந்தான் நம் மனத்தில் தோன்றும். ஸ்காட்லாந்து தேசத்தில் போர்ட் வில்லியம் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் ஆறு நாட்கள் நடைபெறும் ‘டிரயல்ஸ்’ பரீட்சையோ இதற்கு நேர்மாறானது. ஓடைகளின் நடுவே, பாசி படர்ந்த பாறைகளின்மேல், மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டியை ஏற்றிச் செல்லவேண்டும். ஒருமுறை கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி அபராதம். ஏறமாட்டாமல் நின்றுவிட்டாலோ ஐந்து புள்ளி! அபராதம் குறைந்தவரே ஜயசாலி.

இங்கே அளவுமீறிய சக்தியே சத்துரு. சக்கரம் வெடுக்கென்று சுழன்றால் ஈரப் பாறையில் பிடிப்பை இழந்து வழுக்கும். எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டாலோ, ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில் மூச்சடைத்து நின்றுபோகும். இந்த இரண்டு ஆபத்துக்களுக்கும் நடுவேதான் எஞ்சினைப் பதப்படுத்துகிறவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

குயவன் சக்கரத்தை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? கோலை எடுத்த பின்பும் தன் கனத்தினாலேயே அது சுழலுகிறது. எஞ்சினிலுள்ள ‘பிளைவீல்’ என்னும் சக்கரமும் அத்தகையதே. அதன் கனத்தைக் கூட்டினால், வெடிப்புகளுக்கு இடையே ஓட்டம் தடைப்படாது. கைப்பிடியைச் சற்று அதிகமாகத் திருகிவிட்டாலும் வண்டி துள்ளாது. கனம் மிதமிஞ்சினால், உயர்ந்த படிபோன்ற பாறையில் சட்டென்று எழும்பவேண்டிய சமயத்தில் எஞ்சின் சோம்பல் முறிக்கும்!

அடுத்தது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிடுகிறது. அதுபோல, காற்று செல்லும் வழி குறுகலாயிருந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் காற்று விரைந்து பாய்ந்து பெட்ரோலை நன்றாகத் துகளாக்கும். ‘டூ ஸ்டிரோக்’ எஞ்சினில், ஸிலிண்டரின் சுவரிலுள்ள புகைத் துவாரம் சற்றுத் தாழ்ந்திருப்பதும் நன்மையே. வெடித்த வாயு பிஸ்டனை அதிக தூரம் தள்ளிய பிறகே வெளியேறும்.

ஸாம்மி மில்லர் என்னும் ஐரிஷ் வீரர் 1964-ஆம் ஆண்டில் இந்தப் பரீட்சையை வென்றது, 500 ஸி.ஸி. ஏரியல் வண்டியில். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் ஸ்பெயினுக்குச் சென்று, புல்டாகோ கம்பெனியாருடன் சேர்ந்து 244 ஸி.ஸி. டூ ஸ்டிரோக் வண்டியொன்றைச் சீர்ப்படுத்தினார். பாதி அளவுள்ள எஞ்சின் பாறை ஏறுமா என்று ஐயுற்றவர்களுக்கு 1965-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அந்த வண்டியிலேயே அவர் மீண்டும் ஜயித்தார்! பிரிட்டிஷ் அல்லாத வண்டி ஒன்று ஸ்காட்லாந்துப் பரீட்சையை வென்றது அதுவே முதல் தடவை.

இப்படிப் பதப்படுத்திய எஞ்சினுக்கு உச்ச வேகம் குறைந்துதான் போகும். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு நெடுஞ்சாலையில் போகும்போது ஓட்டுகிறவர் பொறுமையாகத்தான் இருக்கவேண்டும்.