வயலுக்கு ஒரு காற்று, சாலைக்கு ஒரு காற்று

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்கால்களில் பாயத் தொடங்கிவிட்டால் காவிரிப் படுகையில் டிராக்டருக்கு ஓய்வில்லை. காலையில் உழவு, மாலையில் எரு ஏற்றிய டிரெய்லர், அறுவடை வந்தால் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை. வேலைக்கு வேலை எல்லாம் மாறுகிறது, டயரில் இருக்கும் காற்று மட்டும் மாறுவதில்லை. பஞ்சர் கடையில் என்றோ பிடித்த காற்றோடு அதே சக்கரம் தார்ச்சாலையிலும் ஓடுகிறது, வயலிலும் இறங்குகிறது. இதனால் டீசல் வீணாவதோடு மண்ணும் இறுகிப் போகிறது.

எடையைத் தாங்குவது எது?

வண்டியின் எடையைச் சுமப்பது ரப்பர் என்று தோன்றும். உண்மையில் பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தைத்தான் டயர் தரையின் மீது செலுத்துகிறது. சுமார் 14 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. ஒரு பின்சக்கரத்தின் மேல் 900 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். 14 பி.எஸ்.ஐ. வைத்தால் அந்தச் சக்கரம் சுமார் 900 சதுர செ.மீ. பரப்பில் மண்ணில் பதியும். 28 வைத்தால் அதே எடை பாதிப் பரப்பில் இறங்கும். அதாவது மண்ணின் மீது அழுத்தம் இரட்டிப்பாகும், பிடிமானம் குறையும், சக்கரம் நழுவும்.

பந்தயத் தடத்தில் இதே கணக்கு

இந்தக் கணக்கை நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் 'டிராக்' (drag) பந்தய வீரர்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இத்தகைய பந்தயங்கள் நடக்கின்றன. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டை யார் முதலில் கடப்பது என்பதே போட்டி. புறப்படும் நொடியில் பின்சக்கரம் வீணாகச் சுழன்றால் பந்தயம் அங்கேயே கைவிட்டுப் போகும். அதனால் இழுக்கும் சக்கரத்தில் காற்றைக் குறைத்து, தரையோடு தொடும் பரப்பைக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவின் அதிவேக 'டாப் ஃபியூயல்' வண்டிகளின் பின்டயரில் 6, 7 பி.எஸ்.ஐ. அளவே இருக்கும். இழுக்காத முன்சக்கரம் இலகுவாக உருள வேண்டும் என்பதால் அதில் காற்று கூடுதல். அதற்காகக் காற்றைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. ஓர் எல்லைக்குக் கீழே டயர் ரிம்மில் வழுக்கும், வண்டி அலையும். எனவே அரை பி.எஸ்.ஐ. கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்து, நேரத்தைக் குறித்துவைத்துத் தங்கள் வண்டிக்கான அளவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டிராக்டருக்கும் விதி இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. பந்தயத் தார் எந்த எடையையும் தாங்கும். வயல் தாங்காது.

டெல்டா மண்ணின் தனிச்சிக்கல்

பழைய டெல்டாவின் வண்டல் களிமண் ஈரத்தில் எளிதாக இறுகும். நெல்லுக்கு இது ஓரளவு உதவியே. சேற்றுழவில் அடியில் உருவாகும் கெட்டித் தட்டுதான் தண்ணீரை வயலில் நிறுத்துகிறது. சிக்கல், அடுத்து வரும் பயிருக்கு. சம்பா, தாளடி அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பச்சைப் பயறும் தெளிக்கிறோம். அதன்பின் உழவே கிடையாது. அறுவடை வண்டியின் தடம் நேராக விதையின் மேல் விழுகிறது, இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்க ஏர் வருவதில்லை. எஞ்சிய ஈரத்தை மட்டும் நம்பி வேர்விடும் பயிருக்கு இது பெரிய இழப்பு. டயர் வண்டியைவிட பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல் என்றாலும் ஈர வயலில் விவசாயிகள் அதைத் தேடுவது இதனால்தான். பெல்ட்டில் எடை பரவலாக இறங்குகிறது.

கடைமடையில் புழுதி உழவு செய்து நேரடியாக விதைக்கும் நிலங்களிலும், கோடை உழவிலும் டயரின் காற்று முக்கியம். சேற்றில் இரும்புக் கேஜ் வீல் மாட்டிய பிறகு அதன் பங்கு குறைவு.

எவ்வளவு வைப்பது?

35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டருக்குப் பொதுவான அளவு இது: பின்சக்கரத்தில் வயலுக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ., சுமையோடு சாலையில் ஓட அதைவிடச் சில பி.எஸ்.ஐ. கூடுதல். முன்சக்கரத்தில் 25 முதல் 30. டயரின் அளவும் பின்னால் மாட்டும் கருவியின் எடையும் பொறுத்து இது மாறும். வண்டியோடு தந்த கையேடு சொல்வதே முடிவான அளவு. அறுவடை இயந்திரத்தின் எடை அதிகம் என்பதால் அதன் டயரில் கையேட்டு அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. நெல் தொட்டியை அடிக்கடி காலி செய்வதும், டிரெய்லரை வயலுக்குள் விடாமல் ஓரத்திலேயே நிறுத்துவதும் அங்கே உதவும்.

அளவு சரியா என்று வயலிலேயே பார்க்கலாம். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்று ஓட்டி தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதபடி 10 சுற்று. முதலில் 40 மீட்டரும் பிறகு 35 மீட்டரும் வந்தால் நழுவல் 12.5 சதவீதம். கெட்டியான நிலத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை சரி. அதைத் தாண்டினால் டீசல் வீணாக எரிகிறது என்று பொருள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவாகாது. ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கக் கூடாது. எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய டயரில் வால்வு மேலே வரும்படி நிறுத்தி அளக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். குறைந்த காற்றோடு சுமை ஏற்றிச் சாலையில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

யார் பொறுப்பு?

நம் வயல்களில் பெரும்பாலும் உழுவது வாடகை டிராக்டர். ஊர் ஊராகச் சாலையில் போகும் உரிமையாளருக்குக் காற்று கூடுதலாக இருப்பதுதான் வசதி. மண் இறுகும் நட்டம் சாகுபடி செய்பவருக்கு. காற்றை இறக்க சில நிமிடம் போதும், திரும்ப ஏற்றத்தான் நேரம் பிடிக்கும். அதனால் யாரும் செய்வதில்லை. இதற்கு வழி இருக்கிறது. ஓர் ஊரின் வயல்களைச் சேர்ந்தாற்போல் உழுதால் நாளுக்கு ஒருமுறை மாற்றினாலே போதும். ஊருக்கு ஒரு காற்றடிக்கும் இயந்திரம் இருந்தால் இன்னும் எளிது. வாடகைக்கு இயந்திரம் தரும் வேளாண் பொறியியல் துறை, காற்றழுத்த அளவையும் வாடகை நிபந்தனையில் சேர்க்க வேண்டும். வாடகை பேசும்போதே விவசாயியும் "வயலுக்கு எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். காசு கொடுத்து உழச் சொல்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு.