சத்தம் போடாத 350 குதிரை! ஸ்ரீவைகுண்டம் டீக்கடையில் சூடான வாக்குவாதம்

ஸ்ரீவைகுண்டம்,

"என்ஜினே இல்லாத கார் ஒரு காரா வே?"

ஸ்ரீவைகுண்டம் பஸ் நிலையம் பக்கத்து டீக்கடையில் அரசியலைவிட இந்தக் கேள்விதான் அதிகம் அடிபடுகிறது.

காரணம் இருக்கிறது. தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந்தேதி திறக்கப்பட்டது. முதல் கட்டமாக ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கள் செய்யலாம். நம்ம மாவட்டத்துக் கார் என்பதால் ஆளுக்கொரு கருத்து. அதே ஆண்டு ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்ததில் இருந்தே இளவட்டங்கள் வாயில் குதிரைசக்தி கணக்குதான்!

பெராரிக்குச் சமம்

சில்லாநத்தத்தில் தயாராகும் வி.எப்.7 காரில் இரண்டு மோட்டார் வைத்த ரகத்துக்கு சுமார் 350 குதிரைசக்தி. நின்ற இடத்தில் இருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்ட 6 செகண்டு கூட ஆகாது என்கிறது கம்பெனி.

1984-ல் இத்தாலியின் பெராரி டெஸ்டரோசா வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. 12 சிலிண்டர், 5 லிட்டர் என்ஜின். அதுவும் 100-ஐத் தொட ஏறக்குறைய இதே நேரம்தான் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நம் ஊரில் ஓடிய அம்பாசிடருக்கு 50 குதிரை இருந்தால் பெரிது.

பெட்ரோல் என்ஜின் முழு பலத்தைக் காட்ட, சுற்று ஏற வேண்டும். அதற்குத்தான் கியர், கிளட்ச் எல்லாம். மோட்டாருக்கு அந்த அவசியம் இல்லை. காலை வைத்ததும் முழு இழுப்பும் வந்துவிடும்.

வெளிநாட்டு ரேஸ் ரக கார்களும் இப்போது மோட்டாரைக் கூட்டு சேர்த்துக்கொண்டன. 2024-ல் அறிவிக்கப்பட்ட புகாட்டி டூர்பியோனுக்கு 16 சிலிண்டர் என்ஜின், கூடவே 3 மோட்டார். மொத்தம் 1,800 குதிரை! 250 கார்கள்தான் செய்வார்களாம். லம்போர்கினி டெமராரியோவின் என்ஜின் நிமிடத்துக்கு 10 ஆயிரம் சுற்று சுற்றும். அதிலும் 3 மோட்டார் உண்டு.

"அந்த உறுமல் சத்தத்துக்குத்தானய்யா காசு!" என்றார் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். "வாழைத்தார் லாரிக்குப் பின்னால 30-ல போறதுக்கு உறுமல் எதுக்கு அண்ணாச்சி?" என்று மடக்கினார் பக்கத்தில் இருந்த குமாஸ்தா. திருச்செந்தூர் ரோட்டில் பாதயாத்திரை நேரத்தில் போனவர்கள் குமாஸ்தா பக்கம்தான் நிற்பார்கள். நானும்தான்.

வெள்ளம் வந்தால்?

பேச்சு 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் போனது. யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை. திருச்செந்தூர்-சென்னை ரெயில் நம் ஸ்டேஷனிலேயே நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கித் தவித்தார்கள்.

முங்கிய காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் என்ஜின் காலி. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்துவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியுமா? பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பேட்டரி? பல கம்பெனிகள் ஐ.பி.67 என்ற தரம் சொல்கின்றன. 1 மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். இங்கே தண்ணீர் நின்றது நாள் கணக்கில்! முங்கி எழுந்த பேட்டரி பிறகு தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சோதிக்காமல் சார்ஜ் போடக் கூடாது.

"எதைக் கழத்த, எதை மாட்ட?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூலையில் பேசாமல் இருந்தார் ஒரு மெக்கானிக். வயது 52. முப்பது வருடமாக ரிஞ்சும் ஸ்பேனருமாக இருப்பவர்.

"சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிருவேன். இதுல என்னத்தைக் கேக்க? பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. என்ஜின் ஆயில் மாத்துத சோலியே இல்ல. நான் எதைக் கழத்தி எதை மாட்ட?" என்றார்.

பிரேக், டயர், ஷாக் அப்சார்பர் வேலை இருக்கத்தான் செய்யும். ஆனால் மெக்கானிக்குக் கூலி தந்தது அது மட்டும் அல்ல. ரிங் மாற்றுவதும் என்ஜினை இறக்கி ஏற்றுவதும்தான். பேட்டரியிலோ நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம். பழகாத கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

படிக்க வழி இல்லாமல் இல்லை. டாடா டெக்னாலஜிசுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மின்வாகன மெக்கானிக் படிப்பும் அதில் உண்டு. ஆனால் ஐ.டி.ஐ.யில் ஆண்கள் சேர 40 வயது வரைதான் அனுமதி. 52 வயதுக்காரர், பட்டறையை நடத்திக்கொண்டே சாயங்காலத்தில் படிக்க வகுப்பு வேண்டும் என்கிறார். கேட்பது நியாயம்தானே?

அவரிடம் வேலை பழகும் பையன் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். "போகட்டும். படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லித் தரட்டும்" என்று டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். பட்டறையில் ஒரு டீசல் கார் பானட்டைத் திறந்தபடி காத்துக்கொண்டு இருந்தது.